'நியாயமா?' என்று கேட்கும் கட்டுரைக்கு ஆதாரம் திரட்டுவதும் குறிப்புரை எழுதுவதும்

கடல், வாழ்வாதாரம், அறம் என்று ஏதாவது ஒரு தலைப்பில் கல்லூரியில் கட்டுரை கேட்டால், கூகுளில் முதலில் வரும் ஐந்து பக்கங்களை வெட்டி ஒட்டிக் கொடுத்துவிடும் பழக்கம் பரவலாக இருக்கிறது. மற்றப் பாடங்களுக்கே அது போதாது, எது சரி எது தவறு என்று ஆராயும் நெறியியல் கட்டுரைக்கு அறவே உதவாது. இந்த வகைக் கட்டுரையில் ஒவ்வொரு ஆதாரத்தையும் இரண்டு முறை உரசிப் பார்க்க வேண்டும். அது தரும் தகவல் சரிதானா என்பது ஒன்று. 'இப்படித்தான் நடந்துகொள்ள வேண்டும்' என்று அது சொல்கிறதே, அதற்கு என்ன காரணம் காட்டுகிறது என்பது இன்னொன்று. முதல் சோதனையில் முழு மதிப்பெண் வாங்கும் அறிக்கை இரண்டாவதில் வாயே திறக்காமல் இருக்கலாம். புதிதாக எழுதுபவர்கள் சறுக்குவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

ராமநாதபுரம் கடலோரக் கல்லூரிகளில் இளங்கலை படிப்பவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறோம். 2,000 முதல் 3,000 சொற்கள் வரையிலான கட்டுரைக்கு இது பொருந்தும். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே கேள்வியை எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம்: மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றிக் கடற்பாசி எடுக்கும் பெண்களைத் தேசியப் பூங்காவின் பெயரால் தடுப்பது நியாயமா?

கேள்வியை மூன்றாக உடையுங்கள்

தேட உட்காரும் முன் ஒரு தாளில் மூன்று கட்டம் போடுங்கள். முதல் கட்டம் தகவல்: பாசி எடுப்பதால் பவளப்பாறைக்குச் சேதம் வருகிறதா, எவ்வளவு, எந்த முறையில் எடுத்தால் வருகிறது? இரண்டாவது சட்டம்: எந்த இடத்தில், எந்தப் பிரிவின் கீழ், யாருக்குத் தடை? மூன்றாவது நியாயம்: இயற்கையைக் காக்கும் கடமையும் ஏழையின் பிழைப்புரிமையும் மோதும்போது எதற்கு முன்னுரிமை, ஏன்?

ஒவ்வொரு கட்டத்துக்கும் தனி ஆதாரம் வேண்டும். ஒன்றுக்கான ஆதாரத்தை இன்னொன்றுக்குச் சாட்சியாக இழுக்கக் கூடாது. 'சட்டம் தடுக்கிறது, ஆகவே தவறு' என்று எழுதினால் இரண்டாவது கட்டத்திலிருந்து மூன்றாவதுக்குப் பாலம் போடாமலே தாண்டியதாகிவிடும். சட்டமே நியாயமா என்பதுதானே கேள்வி. 'பாறைக்குச் சேதம் இல்லை, ஆகவே சரி' என்பதும் அதே தாண்டல்தான்.

எவ்வளவு, எங்கே

முதலில் 12 ஆதாரம் வரை திரட்டுங்கள். வடிகட்டியபின் 6 முதல் 8 வரை மிஞ்சினால் போதும். அதில் நியாயம் பேசுபவை குறைந்தது மூன்று இருக்க வேண்டும். அந்த மூன்றில் ஒன்றாவது உங்கள் முடிவுக்கு எதிராகப் பேச வேண்டும். பலர் பத்துத் தகவல் ஆதாரம் சேர்த்துவிட்டு, நியாயத்துக்கு ஒரு பொன்மொழியோடு முடித்துக்கொள்கிறார்கள். அது கட்டுரை ஆகாது, புள்ளிவிவரத் தொகுப்பாகத்தான் நிற்கும்.

தேடும் இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கடல்வள ஆய்வுகளுக்கு மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிறுவனத்தின் திறந்த இணையக் களஞ்சியம் முதல் இடம். 1947ல் தொடங்கப்பட்டு, பல ஆண்டுகள் மண்டபம் முகாமில் இயங்கிய நிறுவனம் என்பதால் நம் கரையைப் பற்றிய பழைய அறிக்கைகளும் அங்கே காசில்லாமல் கிடைக்கும். முனைவர் பட்ட ஆய்வேடுகளுக்கு ஷோத்கங்கா. நெறியியல் கோட்பாடுகளுக்கு ஸ்டான்ஃபோர்டு தத்துவக் கலைக்களஞ்சியம் இலவசமாகக் கிடைக்கிறது. ஒவ்வொரு பதிவும் துறை வல்லுநர் எழுதியது, எப்போது வெளியானது, எப்போது திருத்தப்பட்டது என்பதும் மேலேயே இருக்கும். சட்டங்களின் மூல வாசகத்துக்கு இந்தியா கோட். உங்கள் கல்லூரி நூலகத்துக்கு, மின்னிதழ்களும் மின்னூல்களும் தரும் என்-லிஸ்ட் சந்தா இருந்தால் நூலகரிடம் உங்கள் பெயரில் கணக்குத் திறந்து தரச் சொல்லுங்கள். தொண்டியில் உள்ள அழகப்பா பல்கலைக்கழக வளாகத்தில் கடலியல் துறை இருக்கிறது. கடல்சார் தலைப்பு எடுத்தவர்கள் துறைத் தலைவரின் கடிதத்தோடு அங்கே போய்க் கேட்டுப் பார்க்கலாம்.

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய் கட்டணத்தில் வனத்துறையிடமோ மீன்வளத் துறையிடமோ கேட்கலாம். பதிலுக்குச் சட்டம் தரும் கெடு 30 நாள். கட்டுரைக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது என்றால் அந்த வழியை நம்பி உட்காராதீர்கள்.

கோப்புகளை இறக்கும்போதே பெயர் மாற்றி வையுங்கள்: ஆண்டு, ஆசிரியர், ஒரு சொல். 'டவுன்லோட் 14' என்று பத்துக் கோப்பு சேர்ந்துவிட்டால் எழுதும் இரவில் பாதி நேரம் திறந்து மூடுவதிலேயே போய்விடும். இணையப் பக்கம் என்றால் இணைய ஆவணக் காப்பகத்தில் அந்த நாளின் பிரதியைச் சேமித்து, பார்த்த தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். அரசுத் துறைப் பக்கங்கள் சொல்லாமல் கொள்ளாமல் மறைந்துவிடும்.

ஐந்து நிமிட வடிகட்டல்

ஒவ்வொன்றையும் முழுதாகப் படிக்க உட்காராதீர்கள். ஐந்து நிமிடத்தில் நான்கு விஷயம் பாருங்கள்: யார் எழுதியது, எந்த ஆண்டு, யார் பணம் கொடுத்தார்கள், வேறு யாராவது இதைப் பற்றி என்ன சொல்கிறார்கள். நான்காவதுக்கு அந்தப் பக்கத்தை விட்டு வெளியே வரவேண்டும். ஓர் அமைப்பின் 'எங்களைப் பற்றி' பகுதியை எத்தனை முறை படித்தாலும் அது தன்னைத்தான் புகழும். புதிய தாவல் திறந்து, அமைப்பின் பெயரோடு 'வழக்கு', 'நிதி', 'விமர்சனம்' என்று சேர்த்துத் தேடினால் இரண்டு நிமிடத்தில் நிறம் தெரிந்துவிடும்.

ஆண்டு பார்ப்பது சடங்கல்ல. கிழக்குக் கரையில் மீன்பிடித் தடைக்காலம் முன்பு 45 நாள். 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை 61 நாள். பழைய ஆய்வேட்டிலிருந்து 45 என்று எடுத்து எழுதினால், மூக்கையூரிலிருந்து வரும் மாணவர் வகுப்பிலேயே எழுந்து திருத்துவார். வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன. 2022 திருத்தம் அவற்றை நான்காக்கியது, 2023 ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முந்தைய கட்டுரை 'மூன்றாம் அட்டவணை' என்று சொன்னால் இன்றைய மூன்றாம் அட்டவணை என்று நினைத்துவிடக் கூடாது. தத்துவ நூல்களுக்கு இந்த வயது விதி செல்லாது. இரண்டாயிரம் ஆண்டு பழைய வாதமும் வாதமாகவே நிற்கும்.

ஆய்விதழ் என்ற பெயரைக் கண்டு மயங்க வேண்டாம். பணம் கட்டினால் இரண்டு மூன்று நாளில் வெளியிடும் இதழ்கள் ஏராளம். இதழ்களுக்குத் தரப்படும் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என். இருப்பது தரத்துக்குச் சான்றல்ல, வண்டிக்கு நம்பர் பிளேட் இருப்பது ஓட்டுநருக்கு ஓட்டத் தெரியும் என்பதற்குச் சான்றாகாத மாதிரி. பல்கலைக்கழக மானியக் குழு (யுஜிசி) ஏற்ற ஆய்விதழ்களின் 'யுஜிசி-கேர்' பட்டியலில் இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லும் பழைய வழிகாட்டிகளையும் விட்டுவிடுங்கள். அந்தப் பட்டியலை யுஜிசி 2025 பிப்ரவரியில் கைவிட்டுவிட்டது. இதழின் ஆசிரியர் குழுவில் உள்ளவர்களின் பெயர் அவரவர் பல்கலைக்கழகப் பக்கத்தில் இருக்கிறதா, முந்தைய இதழ்களில் ஒரே தலைப்பின் கீழ் பல் மருத்துவமும் வங்கியியலும் கலந்து கிடக்கிறதா என்று பார்த்தாலே பாதி தெரிந்துவிடும்.

சாட்ஜிபிடி போன்றவை கொடுக்கும் நூற்பெயர்களைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லாத கட்டுரைக்கு இருக்கும் ஆசிரியரின் பெயரையும் பொருத்தமான ஆண்டையும் சேர்த்து நம்பும்படி தந்துவிடும். ஒவ்வோர் ஆய்வுக் கட்டுரைக்கும் இணையத்தில் தரப்படும் அடையாள எண்ணான டிஓஐயைத் தட்டிப் பார்த்து, அதே தலைப்புத் திறக்கிறதா என்று உறுதி செய்யாத எதையும் பட்டியலில் ஏற்றாதீர்கள்.

வகைக்கு ஒரு சோதனை

வடிகட்டலில் தப்பியவற்றை இனி நிதானமாகப் பார்க்க வேண்டும். ஒரே அளவுகோலை எல்லாவற்றுக்கும் வைத்தால் தவறும்.

சட்டம், அரசாணை முதலில். 'மன்னார் வளைகுடா பாதுகாக்கப்பட்ட பகுதி' என்று பொதுவாகச் சொல்லும் ஆதாரம் எதுவானாலும் சந்தேகியுங்கள். இரண்டு வேறு எல்லைகள் இருக்கின்றன. ஒன்று கடல் தேசியப் பூங்கா: 1986ல் அறிவிக்கப்பட்டது, பாம்பனுக்கும் தூத்துக்குடிக்கும் இடையே 21 தீவுகளும் சுற்றியுள்ள ஆழமற்ற கடலும், 560 சதுர கிலோமீட்டர். இன்னொன்று உயிர்க்கோளக் காப்பகம்: 1989ல் அறிவிக்கப்பட்டது, 10,500 சதுர கிலோமீட்டர். உயிர்க்கோளக் காப்பகத்துக்கென்று தனிச் சட்டம் கிடையாது, சட்டத்தின் தடை பூங்காவுக்குத்தான். இரண்டையும் குழப்பும் கட்டுரை, தடைப் பரப்பைக் கிட்டத்தட்ட 19 மடங்கு பெரிதாக்கிவிடும். பெண்களின் பிழைப்புப் பற்றிய நியாயம் அந்தப் பரப்பளவில்தானே தொங்குகிறது.

இன்னும் ஒன்று. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் 35ஆவது பிரிவில் முதல் உட்பிரிவு, தேசியப் பூங்கா அமைக்க அரசு கருதுகிறது என்ற அறிவிப்பு. அதற்குப் பின் மாவட்ட ஆட்சியர் அந்த இடத்தில் யாருக்கு என்ன உரிமை இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். அது முடிந்தபின் வருவது நான்காம் உட்பிரிவின் கீழ் வரும் இறுதி அறிவிப்பு. ஓர் ஆதாரம் 'அறிவிக்கப்பட்டது' என்று மட்டும் சொன்னால், எந்த உட்பிரிவின் கீழ் என்று அரசிதழில் தேடுங்கள். உரிமை விசாரணை எப்படி நடந்தது என்பது இந்தக் கட்டுரைக்கு ஓரக் குறிப்பு அல்ல, நியாயக் கேள்வியின் நடுவே நிற்கும் விஷயம்.

அறிவியல் ஆய்வுகளில் பார்க்க வேண்டியது முறை. எந்தத் தீவில், எந்த மாதம், எத்தனை இடத்தில் அளந்தார்கள்? மண்டபம் குழுமத் தீவுகளில் எடுத்த அளவை வேம்பார் குழுமத்துக்கும் பொருத்தி எழுதுகிறார்களா? 21 தீவுகளில் இரண்டு கடலுக்குள் மூழ்கிவிட்டன என்பது தெரிந்து எழுதுகிறார்களா? எண்களைப் பின்தொடர்ந்து போங்கள். இந்த வளைகுடாவில் 3,600 வகை உயிரினங்கள் என்ற எண் எங்கும் உலவுகிறது, 4,223 என்ற எண்ணும் உலவுகிறது. எதை எடுத்தாலும் அதை முதலில் எண்ணியவர் யார், எந்த ஆண்டில், எவற்றையெல்லாம் சேர்த்து எண்ணினார் என்ற இடம் வரை போக வேண்டும். பத்துக் கட்டுரை ஒரே எண்ணைச் சொன்னால் பத்து ஆதாரம் ஆகிவிடாது. பத்தும் ஒரே பழைய அறிக்கையைப் பார்த்து எழுதியிருந்தால் ஆதாரம் ஒன்றுதான். செய்தி நிறுவனம் ஒன்று அனுப்பிய செய்தியை ஐந்து நாளிதழ் போட்டாலும் கணக்கு அதுவே.

யார் எழுதினார்கள் என்பதையும் யார் செலவு செய்தார்கள் என்பதையும் பிரித்துப் பார்க்க மண்டபம் பக்கத்திலேயே நல்ல எடுத்துக்காட்டு இருக்கிறது. இங்கே 'பெப்சி பாசி' என்று அழைக்கப்படும் கப்பாஃபைகஸ், வெளியிலிருந்து வந்த பாசி. 1990களில் மத்திய உப்பு மற்றும் கடல்சார் வேதிப்பொருள் ஆராய்ச்சி நிறுவனம் மண்டபத்தில் அதை வளர்க்கும் முறையை உருவாக்கியது. பிறகு அந்தக் குளிர்பான நிறுவனத்தின் முதலீட்டில் வணிகச் சாகுபடி நடந்தது. குருசடைத் தீவில் அந்தப் பாசி பவளப்பாறைமேல் படர்ந்திருப்பதாக 2008ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் கட்டுரை வந்தது. சாகுபடி முறையை வகுத்த நிறுவனத்தின் ஆய்வாளர்களும் இதே பாசியைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். இங்கே இரண்டு அவசர முடிவுகள் காத்திருக்கின்றன. 'வளர்த்தவர்களே எழுதியது, நம்பாதே' என்பது ஒன்று, 'அரசு நிறுவனம், அப்படியே நம்பு' என்பது மற்றொன்று. இரண்டும் வேண்டாம். ஆதாயத் தொடர்பு இருப்பதால் ஆய்வு பொய்யாகிவிடாது. எந்தக் கேள்வியைக் கேட்காமல் விட்டிருக்கலாம் என்று தேடச் சொல்லும் குறிப்பு அது, அவ்வளவுதான். சேதுசமுத்திரத் திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையையும் அப்படித்தான் படிக்க வேண்டும். அதைத் தயாரித்தது நீரி எனும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம், தயாரிக்கச் சொன்னது திட்டத்தை நடத்தப்போகும் தூத்துக்குடித் துறைமுகப் பொறுப்புக் கழகம். மீனவர் குடும்பங்களுக்காக வாதாடும் தன்னார்வ அமைப்புகளின் வெளியீடுகளுக்கும் இதே கண். நம் பக்கம் பேசுகிறது என்பதற்காகச் சலுகை கிடையாது.

நாளிதழ் செய்தியை நிகழ்வுக்கு மட்டும் பயன்படுத்துங்கள், காரணத்துக்கு வேண்டாம். இந்திய-இலங்கைக் கடல் எல்லைப் பிரச்சினை பற்றி எழுதுகிறவர்கள் ஒரே கைதுச் செய்தியை ராமேசுவரத்தில் விற்கும் நாளிதழிலும் யாழ்ப்பாண நாளிதழிலும் அருகருகே வைத்துப் படிக்க வேண்டும். இரண்டும் தமிழ்தான். ஒன்றில் எந்த வலை போட்டார்கள் என்பது விட்டுப்போயிருக்கும், மற்றொன்றில் கைதானவர்களின் குடும்ப நிலை விட்டுப்போயிருக்கும். இலங்கை 2017ல் கடலடியை வாரி இழுக்கும் இழுவை மடி மீன்பிடிப்பைச் சட்டத்தால் தடை செய்தது என்பது நம் பக்கச் செய்திகளில் அபூர்வமாகத்தான் வரும். எது விடப்பட்டிருக்கிறது என்று பார்ப்பதும் மதிப்பீடுதான், நூற்பட்டியலில் ஆதாரத்தின் கீழ் எழுதும் குறிப்புரையில் சொல்ல வேண்டியதும் அதுதான்.

இனி நியாயம் பேசும் ஆதாரங்கள். இங்கே தடுமாற்றம் அதிகம், அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

பொதுவள நெறி பற்றிய எந்தக் கட்டுரையிலும் காரெட் ஹார்டின் 1968ல் 'சயின்ஸ்' இதழில் எழுதிய 'பொதுவளத்தின் அவலம்' வந்துவிடும். எல்லோருக்கும் பொதுவான மேய்ச்சல் நிலத்தில் ஒவ்வொருவரும் ஒரு மாட்டைக் கூட்டிக்கொண்டே போனால் நிலம் அழியும் என்பது வாதம். 'ஹார்டின் நிரூபித்தார்' என்று மாணவர்கள் எழுதுகிறார்கள். அவர் எந்த மேய்ச்சல் நிலத்தையும் போய் அளக்கவில்லை. அது கற்பனை எடுத்துக்காட்டு, கட்டுரையின் முதன்மைக் கவலையோ மக்கள்தொகைப் பெருக்கம். வாதமாக அதை எடுத்துக்கொள்ளலாம், தகவலாக எடுக்கக் கூடாது. எலினோர் ஆஸ்ட்ரம் 1990ல் வெளியிட்ட நூல் வேறு வகை. துருக்கியின் அலன்யா மீனவர்கள் மீன்பிடி இடங்களை முறைவைத்துப் பங்கிட்டுக்கொண்டது உட்பட நிஜமான ஊர்களின் பதிவுகளைக் கொண்டு, மக்களே விதி வகுத்துப் பொதுவளத்தைக் காக்க முடியும் என்று அது காட்டுகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் உங்கள் வேலை தெளிவாகும்: நம் கரை எதற்கு நெருக்கம்? இந்தப் பகுதியில் விசைப்படகுக்கு வாரம் மூன்று நாள், நாட்டுப்படகுக்கு நான்கு நாள் என்ற பங்கீடு இருக்கிறது. பாசி எடுக்கும் பெண்கள் அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் மட்டும் இறங்குவது, இரும்புச் சுரண்டியைக் கைவிடுவது என்று தாங்களே வைத்துக்கொண்ட கட்டுப்பாடுகளும் பதிவாகியிருக்கின்றன. இவை ஆஸ்ட்ரம் சொல்வதற்கு உள்ளூர்ச் சாட்சி. அந்தக் கட்டுப்பாடுகள் எவ்வளவு தூரம் கடைப்பிடிக்கப்படுகின்றன என்பதற்கு மட்டும் தனி ஆதாரம் வேண்டும்.

திருக்குறளையும் ஆதாரமாகவே நடத்துங்கள், அலங்காரத் தோரணமாக வேண்டாம். 322ஆம் குறள் கொல்லாமை அதிகாரத்தில் வருவது. இருப்பதைப் பகுத்து உண்டு, பல உயிரையும் காப்பதே நூலோர் தொகுத்த அறங்களில் தலையாயது என்கிறது. பூங்காவுக்கு ஆதரவாக எழுதுகிறவரும் இதை மேற்கோள் காட்டுவார், பெண்களுக்கு ஆதரவாக எழுதுகிறவரும் காட்டுவார். பகுத்துண்பதும் உயிர் ஓம்புவதும் ஒரே அடியில் வருவதால், இரண்டும் மோதும்போது என்ன செய்வது என்று நீங்கள்தான் வாதிட்டாக வேண்டும். எந்த உரையைப் பின்பற்றுகிறீர்கள் என்றும் குறிப்பிடுங்கள். பரிமேலழகர் உரையும் மு.வ. உரையும் எல்லா இடத்திலும் ஒன்றாகப் போவதில்லை.

கரையில் கேட்டறிந்தவை

'மீனவர் சொன்னது ஆதாரமாகுமா?' என்ற கேள்வி அடிக்கடி வரும். ஆகும். எந்த மாதம் நீரோட்டம் எப்படித் திரும்புகிறது, மரிக்கொழுந்துப் பாசி எந்தப் பாறையில் முன்பு இருந்து இப்போது இல்லை என்பதையெல்லாம் சின்னப்பாலத்தில் முப்பது வருடம் கடலில் இறங்கியவர் சொன்னால், அது வேறெங்கும் எழுதப்படாத தகவலாக இருக்கலாம். அதையும் மற்ற ஆதாரம் போலச் சோதிக்க வேண்டும்: நேரில் கண்டதா, கேள்விப்பட்டதா? தொடர்பில்லாத இன்னொருவரும் அதையே சொல்கிறாரா? குறைந்தது மூன்று பேரிடம், அவர்களில் ஒருவராவது வேறு ஊர்க்காரராக இருக்கும்படி, கேளுங்கள்.

பேசும் முன் நீங்கள் யார், எதற்குக் கேட்கிறீர்கள், எங்கே எழுதப்போகிறீர்கள், வேண்டாம் என்றால் நிறுத்திக்கொள்ளலாம் என்பதை வாய்மொழியாகவாவது சொல்லி ஒப்புதல் வாங்குங்கள். 'அக்கா, இதைப் பதிவு பண்ணலாமா?' என்று கேட்காமல் கைபேசியை ஓடவிடுவது கூடாது. சந்தைக்குச் சரக்குப் போகும் நேரத்தில் போய் நிற்காதீர்கள், ஒரு வரிப் பதில்தான் கிடைக்கும்.

பெயர் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். கடல் அட்டை 2001 முதல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. அதைப் பிடிப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பூங்கா எல்லைக்குள் பாசி எடுப்பதும் சட்டச் சிக்கலுக்குரியது. 'இன்ன ஊர் இன்னார் சொன்னார்' என்று எழுதிய உங்கள் நோட்டு, அவருக்கு எதிரான சாட்சியாக மாறக்கூடும். ஊர் பெரிதாக இருந்தால் ஊர்ப் பெயர் போதும், சின்ன ஊர் என்றால் 'பாம்பன் பகுதி' என்று அகலமாக்குங்கள். படகின் பதிவு எண், முகம் தெரியும் படம், குழுத் தலைவி என்ற பதவி, இவற்றில் ஒன்று போதும் ஆளை அடையாளம் காண. மூன்றையும் விட்டுவிடுங்கள். நோட்டிலேயே முதல் நாளிலிருந்து 'நே1, நே2' என்று குறியீடு போட்டால் பிறகு அழிக்க வேண்டிய வேலை இல்லை.

குறிப்புத் தாள்

ஓர் ஆதாரத்துக்கு ஓர் ஏ4 தாள். மேலே முழு நூற்பட்டியல் விவரம்: ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, இதழ், தொகுதி, பக்கங்கள், டிஓஐ. இதை முதலிலேயே எழுதிவிடுங்கள், கடைசி நாளில் ஜெராக்ஸ் தாளைப் பார்த்தால் இதழின் பெயர் வெட்டுப்பட்டிருக்கும். கீழே தாளை நெடுக்காக மடித்து இரண்டு பத்தி: இடப்பக்கம் ஆதாரம் சொல்வது, வலப்பக்கம் உங்கள் எண்ணம். இரண்டும் கலக்கவே கூடாது. அப்படியே எடுத்த வாக்கியத்தை மேற்கோள் குறிக்குள் நீல மையில், உங்கள் நடையில் சுருக்கியதைக் கறுப்பு மையில், இரண்டிலும் பக்க எண்ணோடு எழுதுங்கள். அறியாமல் நடக்கும் திருட்டு பெரும்பாலும் இங்கேதான் முளைக்கிறது. மூன்று வாரம் கழித்து நோட்டைத் திறந்தால், பக்க எண்ணும் மேற்கோள் குறியும் இல்லாத நல்ல வாக்கியம் நம்முடையதாகவே தோன்றும்.

வரிதோறும் ஓரத்தில் த, ச, நி என்று ஓர் எழுத்துப் போடுங்கள்: தகவல், சட்டம், நியாயம். ஒரே பத்தியில் ஆசிரியர் தகவலிலிருந்து நியாயத்துக்கு நழுவும் இடம் அப்போது பளிச்சென்று தெரியும். 'பவளப்பாறை குறைந்து வருகிறது (த). ஆகவே மக்களை வெளியேற்றியாக வேண்டும் (நி).' நடுவில் இருக்க வேண்டிய காரணம் எங்கே? அந்த இடைவெளியைக் கண்டுபிடித்தால் கட்டுரைக்கு ஒரு பத்தி கிடைத்துவிட்டது என்று பொருள்.

பழைய தமிழ்ப் பிடிஎஃப் கோப்புகளில் ஒரு தொல்லை உண்டு. யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் தேடல் வேலை செய்யாது, நகலெடுத்து ஒட்டினால் குப்பையாக வரும். மேற்கோளைக் கையால் தட்டச்சு செய்து மூலத்தோடு ஒருமுறை ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. நூற்பட்டியலில் தமிழ்ப் பெயரையும் ஆங்கில வழக்கப்படி உடைக்காதீர்கள். 'க. செல்வி' என்பதில் செல்வி குடும்பப் பெயரல்ல. 'செல்வி, க.' என்று போட்டு, அகரவரிசையில் செ-வில் வையுங்கள், தந்தை பெயரைத் தேடிப் பிடித்து முன்னால் ஒட்ட வேண்டாம்.

குறிப்புரை எழுதுவது

குறிப்புரை என்பது நூற்பட்டியலில் ஒவ்வொரு ஆதாரத்தின் கீழும் எழுதும் 120 முதல் 150 சொல் வரையிலான பத்தி. மூன்றில் ஒரு பங்கு சுருக்கம், மீதி மதிப்பீடும் பயனும். நடைமுறையில் பார்ப்பது தலைகீழாக இருக்கிறது. முழுப் பத்தியும் சுருக்கம், கடைசியில் 'இது என் ஆய்வுக்கு மிகவும் பயனுள்ளதாக இருந்தது' என்று ஒரு வரி. அந்த வரியை எந்த நூலின் கீழும் ஒட்டலாம், ஆகவே அது எதையும் சொல்லவில்லை. அட்டைப் பின்புறத்தையோ ஆய்வுச் சுருக்கத்தையோ மட்டும் படித்து எழுதியதையும் ஆசிரியர்கள் உடனே கண்டுகொள்வார்கள், எழுதியவர் தன் ஆய்வுக்குச் சொல்லும் வரம்புகள் அதில் இருக்காது.

சரியானது எப்படி இருக்கும்? ராமச்சந்திர குஹா 1989ல் 'என்விரான்மென்ட்டல் எத்திக்ஸ்' இதழில் அமெரிக்கச் சூழலியத்தை விமர்சித்து எழுதிய கட்டுரைக்கு இப்படி எழுதலாம்:

"மனிதர் தொடாத காடு என்ற அமெரிக்கக் கருத்தை இந்தியா போன்ற நாட்டில் அப்படியே நடைமுறைப்படுத்தினால், வளம் ஏழைகளிடமிருந்து வசதி படைத்தவர்களுக்குக் கைமாறும் என்று குஹா வாதிடுகிறார். புலிகள் காப்பகங்கள் அவருடைய முக்கிய எடுத்துக்காட்டு. வரலாற்றாளர் எழுதிய தத்துவ விமர்சனம் இது, கள அளவீடு அல்ல. ஆகவே வெளியேற்றப்பட்டவர்களின் எண்ணிக்கைக்கு இதை ஆதாரமாகக் கொள்ள முடியாது. கடல் பற்றி இதில் ஒன்றும் இல்லை. காட்டுக்குள் குடியிருந்தவர்களுக்குப் பொருந்தும் வாதம், தீவில் குடியிருக்காமல் வேலைக்கு மட்டும் போய்வரும் பெண்களுக்கு எவ்வளவு பொருந்தும் என்பதை நான் தனியே நிறுவ வேண்டும். இயற்கையைக் காப்பதில் உலகுக்கே பங்கு உண்டு என்பவர்களின் பதிலை இதற்கு எதிராக வைக்கப்போகிறேன். என் கட்டுரையின் மூன்றாம் பகுதியில், பாதுகாப்பின் சுமையை யார் சுமக்கிறார்கள் என்ற கேள்வியைத் தொடங்க இது பயன்படும்."

இதில் எங்கேயும் 'அருமை', 'சிறப்பு' இல்லை என்பதைக் கவனியுங்கள். எதற்கு ஆகாது என்று சொன்ன வரிகள்தான் அதற்கு எடை கூட்டுகின்றன.

எல்லாக் குறிப்புரையும் முடிந்ததும் தாள்களைத் தரையில் பரப்பி, எது எதோடு மோதுகிறது என்று அடுக்குங்கள். தகவலில் மோதுகிறவற்றை ஒரு பக்கம், தகவல் ஒன்றாக இருந்தும் முடிவில் மோதுகிறவற்றை இன்னொரு பக்கம் வையுங்கள். நெறியியல் கட்டுரையின் உடல் இந்த இரண்டாவது அடுக்கிலிருந்துதான் வரும். அந்த அடுக்கு காலியாக இருந்தால் ஒரு பக்கச் சார்பாகவே திரட்டியிருக்கிறீர்கள் என்று அர்த்தம், மறுபடி தேடப் போங்கள்.

கொடுக்கும் முன்

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி 10 விழுக்காடு வரையிலான ஒற்றுமைக்குத் தண்டனை இல்லை. 10க்கு மேல் 40 வரை, 40க்கு மேல் 60 வரை, 60க்கு மேல் என்று நடவடிக்கை கடுமையாகும். ஆனால் மென்பொருள் 4 விழுக்காடு காட்டினாலும், அந்த நான்கும் மேற்கோள் குறியில்லாத ஒரே பத்தியாக இருந்தால் அது திருட்டுதான். ஆங்கிலக் கட்டுரையை மொழிபெயர்த்துத் தன் வாதமாகக் கொடுப்பதை மென்பொருள் பிடிக்காமல் போகலாம், படித்த ஆசிரியர் பிடித்துவிடுவார்.

நேர்காணல்களை நூற்பட்டியலில் சேர்க்க வேண்டாம். ஏபிஏ எனும் மேற்கோள் முறையில் அவை கட்டுரை வாசகத்திலேயே, குறியீட்டோடும் தேதியோடும், 'நேரடி உரையாடல், நே2' என்று அடைப்புக்குள் வரும். குறியீடு யாரைக் குறிக்கிறது என்ற தாள் உங்களிடம் மட்டும் இருக்கட்டும். மதிப்பெண் வந்து, மறுமதிப்பீட்டுக் காலமும் முடிந்தபின் அதைக் கிழித்துவிடுங்கள், கைபேசிப் பதிவுகளையும் அழித்துவிடுங்கள்.